எத்தனையாம் பிள்ளை? கணித்த விடையை எந்த ஒப்ஜெக்டில் வைப்பது

மென்பொருளில் தரவையும் அதற்குரிய வேலைகளையும் ஒன்றாகக் கட்டி வைப்பது ஒப்ஜெக்ட், அதனிடம் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பெறுமதி ப்ரொப்பர்ட்டி. ப்ரொப்பர்ட்டி பார்வைக்கு மிகவும் சாதுவானது. ஒப்ஜெக்டின் பெயர், ஒரு முற்றுப்புள்ளி, பிறகு ப்ரொப்பர்ட்டியின் பெயர், அவ்வளவுதான். மாணவரின் மொத்தம் என்று கேட்டால் மொத்தம் வரும். அடைப்புக்குறிகூட இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று எண்களைக் கூட்டுகிற வேலை நடக்கிறதா, தரவுத்தளத்தை நானூறு தடவை தட்டுகிற வேலை நடக்கிறதா என்று அந்த வரியை வாசிக்கிற ஆளுக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லை என்றுதான் அதை அப்படி அமைத்தார்கள். எய்ஃபெல் என்ற கணினி மொழியை உருவாக்கிய பேர்ட்ரண்ட் மேயர் 1980களில் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்: ஒரு பெறுமதியைக் கேட்கிறவர், அது சேமித்து வைத்ததா அந்த நேரத்தில் கணித்ததா என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரிக் கேட்கக்கூடியதாக இருக்கவேண்டும். இதன் பயன் பெரியது. இன்றைக்குக் கணித்துக் கொடுப்பதை நாளைக்குச் சேமித்துக் கொடுக்கலாம், அதைப் பாவிக்கிற இடங்களில் ஒரு வரியும் மாறாது.

அதே வசதிதான் செலவையும் மறைக்கிறது. செலவு கூடியதும் எல்லோரும் கேஷ் (cache) போடுகிறோம், அதாவது ஒருக்கால் கணித்த விடையை அடுத்த தடவைக்கென்று எடுத்து வைக்கிறோம். கேஷ் போடுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு வரி வேலைதான் அது. எந்த ஒப்ஜெக்டுக்குள் போடுவது என்பதைத்தான் நாங்கள் போதிய அளவு யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன், என்னிடம் கேட்டால் முழு விடயமும் அதற்குள்தான் இருக்கிறது.

கொக்குவில் பக்கம் ஒரு ரியூட்டரிக்கு சோதனைப் புள்ளிகளைப் பதிகிற மென்பொருள் ஒன்றை நானும் கம்பஸில் படிக்கிற ஒரு தம்பியும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். பைதனில் எழுதிய சாதாரண டெஸ்க்டொப் மென்பொருள், அலுவலகத்தில் உள்ள ஒரு கணினியில் காலையில் திறந்தால் இரவு வகுப்பு முடியும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். தரவெல்லாம் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில். உயர்தரப் பிள்ளைகள், இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று மூன்று பாடம், மாதிரிச் சோதனைகள், புள்ளிகள். எங்கள் ஊரில் சோதனை முடிந்தால் புள்ளி எத்தனை என்று கேட்பதற்கு முன்னமே எத்தனையாம் பிள்ளை என்று கேட்பார்கள், ஆகவே அந்த மென்பொருளில் அதிகம் வாசிக்கப்படுகிற ப்ரொப்பர்ட்டியும் அதுதான்.

தம்பி அதை முதலில் எழுதிய விதம் மிக இயல்பானது. மாணவர் என்றொரு கிளாஸ், ஒவ்வொரு மாணவர் ஒப்ஜெக்டும் அந்த அச்சில் வார்க்கப்படுவது. அதில் மொத்தம் என்றொரு ப்ரொப்பர்ட்டி, தரவுத்தளத்திலிருந்து மூன்று பாடத்தின் புள்ளிகளையும் எடுத்துக் கூட்டித் தரும். நிலை என்று இன்னொன்று, மற்ற எல்லாப் பிள்ளைகளின் மொத்தத்தையும் பார்த்து, தன்னுடைய மொத்தத்தைவிடக் கூடினவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஒன்றைக் கூட்டித் தரும். விடை சரி. வாசிக்கவும் வடிவாக இருந்தது. பட்டியலைத் திறந்தால்தான் பிரச்சினை, அது வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

"அண்ணா, 400 பிள்ளைதானே, கொம்பியூட்டருக்கு இது ஒரு வேலையா?" என்று கேட்டான்.

"வேலை இல்லைத்தான். ஆனா எத்தனை தரம் செய்யுது எண்டு ஒருக்கால் எண்ணிப் பார்."

எண்ணினால் இப்படி வரும். ஒரு பிள்ளையின் நிலைக்கு 400 மொத்தம் பார்க்கவேண்டும். பட்டியலில் 400 பிள்ளைகள். 400 தர 400, ஒரு இலட்சத்து அறுபதாயிரம். அந்தத் திரை நிலையை ஒரு தடவை மட்டும் கேட்கவில்லை. வரிசைப்படுத்த ஒரு தடவை, எண்ணைக் காட்ட ஒரு தடவை, முதல் பத்துப் பேருக்கு நிறம் போட ஒரு தடவை என்று மூன்று தடவை கேட்டது. அப்படியானால் நாலு இலட்சத்து எண்பதாயிரம் தடவை மொத்தம் கேட்கப்படுகிறது, ஒவ்வொரு மொத்தமும் தரவுத்தளத்துக்குப் போய் வருகிறது. திரையின் பக்கம் இருந்து பார்த்தால் ஒரு சொல்தான் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. யாருக்குமே சந்தேகம் வராது.

இந்த இடத்தில் ஒரு ஆலோசனை. இப்படி மெதுவாகப் போகும்போது ஊகித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேஷ் போட வெளிக்கிடாதீர்கள். பைதனோடு சேர்ந்தே வருகிற சீப்ரொஃபைல் என்ற கருவி இருக்கிறது, எந்த மெதட் (ஒப்ஜெக்டின் ஒரு வேலையைச் செய்கிற ஃபங்ஷன்) எத்தனை தடவை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று அப்படியே எழுதித் தரும். அழைப்பு எண்ணிக்கை என்ற அந்த நிரலை முதலில் பாருங்கள். ஒரு மெதட் எதிர்பார்த்ததைவிட ஆயிரம் மடங்கு தடவை அழைக்கப்படுகிறது என்றால் விடயம் அங்கேதான்.

சரி, தம்பி அடுத்ததாகச் செய்தது எல்லோரும் செய்வதுதான். மொத்தத்துக்கும் நிலைக்கும் மேலே கேஷ்ட் ப்ரொப்பர்ட்டி என்ற டெக்கரேட்டரை, அதாவது ஃபங்ஷனின் தலையில் எழுதி அதன் நடத்தையை மாற்றுகிற ஒரு வரியை, போட்டான். பைதன் 3.8இல், 2019இல், ஃபங்டூல்ஸ் மொடியூலுக்குள் வந்தது அது. ஜாங்கோ என்ற வெப் கட்டமைப்பைப் பாவிக்கிறவர்களுக்கு அதற்கு முன்னமே அதே பெயரில் பழக்கம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான ஏற்பாடு, பிறகு வருகிற பிரச்சினையும் அதிலிருந்துதான் விளங்கும்.

பைதனில் ஒப்ஜெக்டிடம் ஒரு பெயரைக் கேட்டால் முதலில் அதன் கிளாஸில் அந்தப் பெயரில் ஒரு டிஸ்கிரிப்டர், அதாவது அந்தப் பெயரை வாசிப்பதையும் எழுதுவதையும் தன் கையில் எடுக்கிற ஒப்ஜெக்ட், இருக்கிறதா என்று பார்க்கும். டிஸ்கிரிப்டர்களில் இரண்டு வகை. பெறுமதியை எழுதவோ அழிக்கவோ வழி வைத்திருப்பது ஒரு வகை, சாதாரண ப்ரொப்பர்ட்டி இதைச் சேர்ந்தது, அதற்கு எப்போதும் முன்னுரிமை. வாசிக்க மட்டும் வழி வைத்திருப்பது மற்ற வகை. இதற்கு முன்னுரிமை இல்லை, பெயருக்கு எதிரே பெறுமதி என்று ஒப்ஜெக்ட் வைத்திருக்கிற சொந்த டிக்‌ஷனரியில் அதே பெயரில் ஏதாவது இருந்தால் அதுதான் வெல்லும். கேஷ்ட் ப்ரொப்பர்ட்டி இந்த இரண்டாம் வகை. முதல் தடவை கேட்கும்போது டிக்‌ஷனரியில் ஒன்றும் இல்லை, ஆகவே ஃபங்ஷன் ஓடுகிறது, வந்த விடையைத் தன்னுடைய பெயரிலேயே அந்த டிக்‌ஷனரிக்குள் போட்டுவிடுகிறது. அடுத்த தடவை அங்கேயே விடை கிடைத்துவிடும், ஃபங்ஷன் பக்கமே யாரும் போகமாட்டார்கள். பழைய விடை வேண்டாம் என்றால் டெல் போட்டு அந்தப் பெயரை அழித்தால் போதும், அடுத்த தடவை திரும்பக் கணிக்கும். தனியாக ஒரு கேஷ் இல்லை, சோதித்துப் பார்க்க ஒரு இஃப் இல்லை, மொழியின் சாதாரண தேடல் ஒழுங்கே வேலையைச் செய்துவிடுகிறது. இதனால்தான் ஸ்லொட்ஸ் (இன்னின்ன பெயர்கள் மட்டும்தான் என்ற பட்டியல்) போட்டு டிக்‌ஷனரியை இல்லாமல் செய்த கிளாஸில் இது வேலை செய்யாது, விடையை வைக்க இடமில்லை.

போட்டதும் பட்டியல் கெதியாகத் திறந்தது. தம்பிக்குச் சந்தோஷம்.

பிறகு ஒரு பிள்ளை இரசாயனவியல் விடைத்தாளைக் கொண்டு அலுவலகத்துக்கு வந்தது. கூட்டல் பிழை, 61 போட்டிருக்கிறது, உண்மையில் 67. இது ரியூட்டரியில் ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் நடக்கிற விடயம், சேர் தாளைப் பார்த்து ஒரு கையெழுத்து வைப்பார், அலுவலக அக்கா எண்ணை மாற்றுவார். மாற்றினார். புள்ளியை மாற்றுகிற இடத்தில் அந்தப் பிள்ளையின் மொத்தத்தையும் நிலையையும் அழிக்கவேண்டும் என்று தம்பி கவனமாக எழுதியிருந்தான், அதனால் பிள்ளை பதினாலாம் பிள்ளையிலிருந்து பதினோராம் பிள்ளைக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் எல்லாம் சரி. கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, இதில ரெண்டு பதினோராம் பிள்ளை நிக்குது. ரெண்டு பேருக்கும் மொத்தம் வேற வேற. பதினாலாம் பிள்ளையைக் காணேல்லை. எப்பிடி?"

ஏற்கெனவே 11, 12, 13 ஆக இருந்த மூன்று பேரும் ஒவ்வொரு இடம் கீழே இறங்கியிருக்கவேண்டும். அவர்களுடைய ஒப்ஜெக்டுக்குள் பழைய எண் அப்படியே இருந்தது. அவர்களுடைய புள்ளி ஒன்றும் மாறவில்லை, அவர்களுடைய மெதட் ஒன்றும் அழைக்கப்படவில்லை, ஆகவே அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்கிற தீர்வு, ஒரு புள்ளி மாறினால் எல்லாப் பிள்ளைகளின் நிலையையும் அழி என்பது. செய்யலாம், விடையும் சரிவரும். ஆனால் ஒரு மாணவர் ஒப்ஜெக்ட் மற்ற 399 ஒப்ஜெக்டுகளையும் தெரிந்து வைத்திருந்து, அவற்றின் உள்ளே கையை விட்டு அழிக்கவேண்டி வருகிறது. நாளைக்கு ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தால் அந்த இடத்திலும் அழிக்கவேண்டும். ஒரு பிள்ளை சோதனைக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்து நீக்கினால் அந்த இடத்திலும். அழிக்கவேண்டிய இடங்கள் கூடிக்கொண்டே போகும், ஒரு இடத்தை விட்டாலும் இரண்டு பதினோராம் பிள்ளைகள். இப்படி எழுதிய செய்நிரலை நான் நம்பமாட்டேன், எவ்வளவு கெட்டிக்காரர் எழுதினாலும் நம்பமாட்டேன்.

நான் தம்பியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த விடையைக் கணிக்க என்னென்ன வேண்டும், அவை எல்லாம் யாருடைய கையில் இருக்கின்றன? மொத்தத்துக்கு வேண்டியது மூன்று புள்ளிகள். மூன்றும் மாணவருடையவை. ஆகவே மொத்தத்தை மாணவரிடம் வைக்கலாம், அந்த மூன்றில் ஒன்று மாறும்போது மாணவர் ஒப்ஜெக்டுக்குக் கட்டாயம் தெரியும். நிலைக்கு வேண்டியது 400 மொத்தங்கள். அவை எந்த ஒரு மாணவருக்கும் சொந்தமானவை இல்லை. எத்தனையாம் பிள்ளை என்பதை ஒரு பிள்ளையின் குணமாகத்தான் நாங்கள் கதைக்கிறோம், பிள்ளையின் பெயரோடு ஒட்டித்தான் சொல்கிறோம், ஆனால் அது உண்மையில் அந்தச் சோதனையின் ஒரு குணம். ஆகவே அதைச் சோதனை என்ற ஒப்ஜெக்ட்தான் வைத்திருக்கவேண்டும்.

அப்படி மாற்றினோம். சோதனை என்றொரு கிளாஸ், எழுதிய எல்லோருடைய புள்ளிகளும் அதன் பொறுப்பில். அதற்குள் நிலைகள் என்ற ஒரேயொரு கேஷ்ட் ப்ரொப்பர்ட்டி: எல்லா மொத்தங்களையும் ஒரு தடவை வரிசைப்படுத்தி, சுட்டிலக்கத்துக்கு எதிரே நிலை என்று ஒரு டிக்‌ஷனரியை உருவாக்கி வைத்துக்கொள்ளும். ஒரே மொத்தம் எடுத்த இரண்டு பேர் இரண்டாம் பிள்ளை என்றால் அடுத்தவர் நாலாம் பிள்ளை, அந்த வழக்கத்தையும் அந்த ஒரு இடத்திலேயே எழுதிவிடலாம். மாணவரிடம் நிலை என்ற ப்ரொப்பர்ட்டி இன்னும் இருக்கிறது, திரையில் ஒரு வரியும் மாறவில்லை, மேயர் சொன்ன வசதி இதுதான். ஆனால் அது இப்போது சோதனையிடம் கேட்டுச் சொல்கிற வேலையை மட்டும் செய்கிறது, தன்னிடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. புள்ளியை மாற்றுவது, பிள்ளையைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் சோதனையின் மெதட்டுகள். மூன்றும் கடைசியில் ஒரே ஒரு அழிப்பைச் செய்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் இன்னொன்று. 400 எண்களை வரிசைப்படுத்த ஏறக்குறைய 3,500 ஒப்பீடுகள் போதும். முதல் இருந்த ஒரு இலட்சத்து அறுபதாயிரத்தோடு பாருங்கள். விடையைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் கணிக்கிற முறையே மாறிவிட்டது, 400 பிள்ளைகளும் தனித்தனியாகச் செய்த அதே வேலையை ஒருவர் ஒரு தடவை செய்கிறார். கேஷே போடாமல் விட்டிருந்தால்கூட, திரை அந்த டிக்‌ஷனரியை ஒருக்கால் வாங்கி வைத்துக்கொண்டால் போதும், பட்டியல் கெதியாகத்தான் திறக்கும்.

இசட் புள்ளியை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும், அதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது, பிறகு மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளையும் சராசரி எடுப்பது. பல்கலைக்கழக அனுமதி அதில்தான் தங்கியிருப்பதால் ரியூட்டரியில் மாதிரிச் சோதனைக்கும் அதைக் கணித்துக் கேட்கிறார்கள். அந்த 6 புள்ளித் திருத்தம் நடந்ததும் இரசாயனவியல் சராசரி 400இல் ஆறு, அதாவது 0.015 கூடிவிட்டது, நியம விலகலும் ஒரு துளி மாறிவிட்டது. ஆகவே அந்தப் பாடத்தை எழுதிய எல்லாப் பிள்ளைகளின் இசட் புள்ளியும் மாறிவிட்டது, ஒரு பிள்ளை தப்பாமல். மற்றப் பிள்ளைகளுக்கு மாற்றம் மிகச் சிறியது, மூன்றாம் நாலாம் தசம தானத்தில்தான் தெரியும். நிலை பிழைத்தால் அக்கா கண்டுபிடிப்பார், இது பிழைத்தால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். இங்கேயும் அதே கேள்விதான். சராசரியும் நியம விலகலும் சோதனையில் அந்தப் பாடத்துக்குச் சொந்தம், அங்கே கேஷ் பண்ணலாம். அவை கைக்கு வந்த பிறகு ஒரு பிள்ளையின் இசட் புள்ளி என்பது ஒரு கழித்தலும் ஒரு பிரித்தலும், அதைக் கேஷ் பண்ணுவது வீண்.

அந்த வீண் என்ற விடயத்தையும் அழுத்திச் சொல்லவேண்டும். புள்ளிகளை முதலிலேயே நினைவகத்துக்குள் ஏற்றிவிட்ட பிறகு மொத்தம் என்பது மூன்று எண்களின் கூட்டல். அதன் மேல் இருந்த கேஷையும் எடுத்துவிட்டோம். அதைப் பிழை என்று சொல்ல ஏதும் இல்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு கேஷும் எப்போது அழிப்பது என்ற ஒரு கடமையைக் கூடவே கொண்டு வருகிறது, மூன்று எண் கூட்டுவதற்காக அந்தக் கடமையைத் தலையில் ஏற்றவேண்டுமா?

மாவட்ட நிலை, தீவு நிலை என்று உண்மையான உயர்தரப் பெறுபேறோடு வருவது வேறு கதை. அதற்கு வேண்டிய தரவு எங்கள் மென்பொருளில் எந்த ஒப்ஜெக்டிடமும் இல்லை, பரீட்சைத் திணைக்களத்திடம் இருக்கிறது. அதை நாங்கள் கணிக்கவே முடியாது, ஆகவே அது கேஷும் இல்லை. எந்தத் திகதியில் வெளியான பெறுபேறு என்ற குறிப்போடு ஒரு பதிவாகச் சேமிக்கவேண்டிய தகவல் அது. மீள் திருத்தத்தில் மாறினால் இன்னொரு பதிவு. ரியூட்டரி மதிலில் படத்தோடு பெரிதாகக் கட்டுகிற பனரில் போகிற எண் இது என்பதால் எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியதாக இருப்பது முக்கியம்.

இப்போது கொஞ்சம் பின்னுக்குப் போய் ஒன்று சொல்கிறேன். கணித்த விடையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் என்ற யோசனையை 1968இல் டொனால்ட் மிக்கி நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரையாக எழுதினார், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் டியூரிங்கோடு வேலை செய்தவர் அவர். அந்த யோசனை ஃபங்ஷன்களுக்கானது: அதே உள்ளீடு வந்தால் அதே விடை. ஒப்ஜெக்டின் மெதட் ஒன்றுக்கு உள்ளீடு என்ன? கண்ணுக்குத் தெரியாமல் முதலில் போகிற செல்ஃப், அதாவது அந்த ஒப்ஜெக்டேதான். அந்த செல்ஃப் அதே ஆளாக இருந்துகொண்டே உள்ளே மாறக்கூடியது. சோதனைக்கு முன்னும் பின்னும் அது அதே மாணவர் ஒப்ஜெக்ட்தான், உள்ளே இருக்கிற புள்ளிகள்தான் வேறு. கேஷ் ஆளைப் பார்க்கிறது, விடை உள்ளே இருப்பதைப் பொறுத்திருக்கிறது. இந்த இடைவெளியிலிருந்துதான் இந்தப் பிழைகள் எல்லாம் வருகின்றன.

ஃபங்டூல்ஸில் இருக்கிற எல்ஆர்யூ கேஷை (பாவித்து நெடுநேரமான விடையை முதலில் தள்ளுகிற கேஷ்) மெதட்டின் மேல் போடுகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு தலையிடி. அந்தக் கேஷ் ஒப்ஜெக்டுக்குள் இருப்பதில்லை, கிளாஸில் இருக்கிற அந்த ஃபங்ஷனோடு ஒட்டிக்கொண்டு எல்லா ஒப்ஜெக்டுகளுக்கும் பொதுவாக இருக்கிறது, செல்ஃபைத் திறவுகோலாக வைத்துக்கொள்கிறது. அதனால் பட்டியலிலிருந்து நீக்கிய மாணவர் ஒப்ஜெக்டும் அந்தக் கேஷிலிருந்து தள்ளப்படும் வரைக்கும் நினைவகத்தில் கிடக்கும், அளவு ஒன்றும் சொல்லாவிட்டால் 128 விடைகள் வரைக்கும் வைத்திருக்கும். சுட்டிலக்கம் ஒன்றானால் இரண்டு ஒப்ஜெக்டும் சமம் என்று நீங்கள் எழுதியிருந்தால் இன்னும் மோசம். திருத்தத்துக்கு முந்தைய பிரதியும் பிந்தைய பிரதியும் ஒரே திறவுகோல், முந்தையவரின் விடையைப் பிந்தையவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். மெதட்டில் அதைப் பாவிக்கவேண்டாம் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

அந்த இடைவெளியை முழுதாக மூடுகிற வழி ஒன்று உண்டு, உள்ளே மாறவே முடியாத ஒப்ஜெக்டைச் செய்வது. விடைத்தாள் பெறுபேறு என்பதை உறைந்த டேட்டாகிளாஸாக, அதாவது உருவாக்கிய பிறகு மாற்ற விடாத கிளாஸாக, எழுதினால், 61ஐ 67 ஆக மாற்ற முடியாது, 67 உள்ள புதிய பெறுபேறு ஒன்றை உருவாக்கிப் பழையதன் இடத்தில் வைக்கவேண்டும். அதன் மேல் உள்ள கேஷை அழிக்கவேண்டிய தேவையே எந்தக் காலத்திலும் வராது. உறைந்த டேட்டாகிளாஸில் கேஷ்ட் ப்ரொப்பர்ட்டி வேலை செய்யும், அது டிக்‌ஷனரிக்குள் நேராக எழுதுவதால் உறைந்த தடை அதைத் தொடாது. ரியூட்டரிக்கும் இது பிடித்துக்கொண்டது, ஏனென்றால் பழைய பெறுபேறும் இருக்கிறது, எப்போது மாறியது என்று அம்மா அப்பா வந்து கேட்டால் காட்டலாம். ஜாவா மொழியின் ஸ்ட்ரிங்கும் (எழுத்துத் தொடர்) இந்தத் தைரியத்தில்தான் தன்னுடைய ஹாஷ்கோடை, எழுத்துகளிலிருந்து கணிக்கிற ஒரு அடையாள எண்ணை, முதல் தடவை கணித்து உள்ளே ஒளித்து வைத்துக்கொள்கிறது. எழுத்துகள் மாறாது, ஆகவே ஹாஷும் மாறாது.

அந்த ஜாவாக் கதையில் ஒரு சின்ன விடயம். இன்னும் கணிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக 0ஐ வைத்திருந்தார்கள். உண்மையிலேயே ஹாஷ் 0 வருகிற ஸ்ட்ரிங் என்றால் ஒவ்வொரு தடவையும் முழுதாகத் திரும்பக் கணிக்கும், ஜாவா 13இல் அதற்கென்று இன்னொரு குறியைச் சேர்த்தார்கள். கையால் கேஷ் எழுதுகிறவர்களுக்கு இது பொதுவான பொறி. சோதனைக்கு வராத பிள்ளைக்குச் சராசரி இல்லை, விடை நன் (None), பைதனில் ஒன்றும் இல்லை என்பதற்கான சொல். நன் என்றால் இன்னும் கணிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கேஷே இல்லை. ரூபி மொழியில் இரண்டு நெடுங்கோடும் சமனும் (||=) போட்டு எழுதுகிற வழக்கத்திலும் நில், ஃபோல்ஸ் இரண்டுக்கும் இதே கதை.

உறையவைக்க முடியாத இடங்களில் நான் விரும்புவது பதிப்பு எண். சோதனை ஒப்ஜெக்டில் ஒரு எண், எந்த மாற்றம் நடந்தாலும் ஒன்று கூடும். கேஷில் விடையோடு அது கணிக்கப்பட்ட பதிப்பு எண்ணையும் சேர்த்து வைக்கவேண்டும், வாசிக்கும்போது இரண்டும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். ஒரு ஒப்பீடு கூடுகிறது, பரவாயில்லை. அதற்குப் பதிலாக, மாற்றுகிறவர் எந்தெந்தக் கேஷ்கள் இருக்கின்றன என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. நாளைக்கு இன்னொரு ஆள் வந்து புதிதாக ஒரு கேஷைச் சேர்த்தாலும் மாற்றுகிற மெதட்டுகளைத் தொடவேண்டியதில்லை. எப்படிச் செய்தாலும் உள்ளே இருக்கிற லிஸ்டையோ டிக்‌ஷனரியையோ அப்படியே வெளியே கொடுத்துவிடாதீர்கள், வெளியே இருக்கிறவர் அதில் ஒன்றைச் சேர்த்தால் உங்கள் மெதட் ஒன்றும் ஓடாது, பதிப்பு எண்ணும் கூடாது. கேஷ் பண்ணிய விடையே ஒரு லிஸ்ட் என்றாலும் இதே பிரச்சினை. வாங்கியவர் அதைத் தன் வசதிக்கு வரிசை மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். மாற்ற முடியாத டியூப்பிளாகக் கொடுங்கள்.

பிரதி எடுக்கும்போதும் கவனம். கொப்பி மொடியூலால் ஒரு ஒப்ஜெக்டைப் பிரதி எடுத்தால் டிக்‌ஷனரியில் உள்ளது எல்லாம் போகும், கேஷ் பண்ணிய விடையும் போகும். ஒரு பிள்ளை இன்னும் 5 புள்ளி எடுத்திருந்தால் எத்தனையாம் பிள்ளை என்று காட்ட சோதனையைப் பிரதி எடுத்து உள்ளே மாற்றினால், பழைய விடை புதிய பிரதியிலும் உட்கார்ந்திருக்கும்.

த்ரெட், அதாவது ஒரே மென்பொருளுக்குள் சமாந்தரமாக ஓடுகிற வேலைகள், பற்றி நீட்டவில்லை. 3.8இல் கேஷ்ட் ப்ரொப்பர்ட்டிக்குள் ஒரு லொக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடுகிற பூட்டு) இருந்தது, ஆனால் அது ஒப்ஜெக்டுக்கு ஒன்றாக இல்லாமல் அந்தக் கிளாஸின் எல்லா ஒப்ஜெக்டுகளுக்கும் ஒன்றாக இருந்ததால் சம்பந்தமே இல்லாத இரண்டு ஒப்ஜெக்டுகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றன. 3.12இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு தடவை கணிக்கக்கூடும், இரண்டும் ஒரே விடை என்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. கட்டாயம் ஒரு தடவைதான் ஓடவேண்டும் என்றால் லொக்கை நீங்களே போடுங்கள். கொட்லின் மொழியில் இதே வேலையைச் செய்கிற லேசி அப்படியே விட்டால் பூட்டோடு வருகிறது.

இதற்கெல்லாம் தம்பியை எழுதச் சொன்ன டெஸ்ட் மிகச் சின்னது. ஒரு சோதனை, மூன்று பிள்ளைகள். முதல் பிள்ளையின் நிலையைக் கேள். இரண்டாம் பிள்ளையின் புள்ளியை மாற்று. முதல் பிள்ளையின் நிலையைத் திருப்பிக் கேள். இதில் முதல் கேள்வியை விட்டுவிடக்கூடாது. பலர் புள்ளியை மாற்றிவிட்டுப் பிறகு மட்டும் கேட்டுப் பார்க்கிற மாதிரி எழுதுகிறார்கள், அந்த நேரம் கேஷில் ஒன்றுமே இல்லை, பழைய விடை இருந்தால்தானே பிழைக்கும். கேஷை எங்கே வைத்திருந்தாலும் அப்படி எழுதிய டெஸ்ட் பச்சையாகத்தான், பிழையில்லை என்றுதான், வரும்.